அயனி மரத்தடியில் வைத்ததெல்லாம் யாருடையது?

கல்லூரிக்குள் ஒரு சாவு விழுந்துவிட்டால், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பிள்ளைகள் ஓர் இடத்தைப் பிடித்துப் பொருட்களைக் கொண்டுவந்து வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் நாள் பூவும் மெழுகுவர்த்தியும். மறுநாள் கடிதம், படம், சட்டை, பந்து. அதற்கும் மறுநாள் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து, "இதையெல்லாம் எப்ப எடுக்கலாம்?" என்று கேட்பார். கேட்பவர் கல்நெஞ்சக்காரர் ஒன்றுமில்லை. பூ அழுகும், ஈ மொய்க்கும், மெழுகு உருகித் தரையில் ஒட்டும், செமஸ்டர் தேர்வு வரும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்வி வருகிற வேகத்தில்தான் பல விஷயங்கள் குப்பை வண்டி ஏறிவிடுகின்றன.

நான் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். குமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். சுற்றுலா போய்விட்டு இரவில் திரும்பிய வேன் கவிழ்ந்து மூன்று பிள்ளைகள் போய்விட்டார்கள். அங்கே நூலகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி போன் பண்ணினாள். "மேடம், நாளைக்கு எல்லாத்தையும் கிளீன் பண்ணப் போறாங்களாம். மழை வேற வருது. கொஞ்சம் வாங்களேன்" என்றாள். போனேன். அப்புறம் பல மாதம் அந்தப் பொருட்களோடுதான் கிடந்தேன்.

துறைக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு அயனி மரம். செத்துப்போன பிள்ளைகள் உட்கார்ந்து அரட்டை அடிக்கிற இடம் அதுவாம். அடிமரத்தைச் சுற்றி மூன்று படங்கள், அவற்றின் மேல் தோவாளைச் சந்தையிலிருந்து வந்த பிச்சியும் சம்பங்கியும் அரளியும் குவியலாக. பூவுக்கு அடியில்தான் மற்றதெல்லாம். கிரிக்கெட் மட்டை, ஒரு ஹெல்மெட், கரடிப் பொம்மைகள், எல்லோரும் கையெழுத்துப் போட்ட லேப் கோட், ரெக்கார்ட் நோட்டு, ஒரு சீப்பு மட்டிப்பழம், நீட்டி மடித்த ஃபிளெக்ஸ் பேனர்கள். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடியில் செலோ டேப் ஒட்டி, அதன் மேல் பேனாவால் "உன் பங்கு" என்று எழுதியிருந்தது. திறந்தால் முந்திரிக்கொத்து. எறும்பு ஏறி, பாதி உதிர்ந்துபோயிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பேருந்து டிக்கெட் ஒன்று, மெஷினில் கிழித்துத் தருகிற அந்த மெல்லிய தாள். பின்பக்கம் நீல மையில்: "இன்னைக்கு உனக்கும் சேத்து எடுத்தேன்." தினமும் ஒரே பஸ்ஸில் வந்தவர்களாக இருக்கும். யார் எழுதியது என்று நான் விசாரிக்கவில்லை.

கையை வைப்பதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை, இருந்தது இருந்தபடியே படம் எடுப்பது. எந்தப் பொருள் எதற்குப் பக்கத்தில் இருந்தது, யார் படத்துக்கு முன்னால் இருந்தது என்பதெல்லாம் நகர்த்திய நிமிடத்தில் போய்விடும். டிபன் பாக்ஸை மட்டும் தனியாக ஒரு மேசையில் வைத்துப் பார்த்தால் அது வெறும் பாத்திரம். பிள்ளைகள் போனில் கோணம் கோணமாக எடுத்துத் தள்ளினார்கள். அதற்கப்புறம்தான் பூவை எடுத்தோம். பூவைக் காப்பாற்ற வழியில்லை, காப்பாற்றவும் வேண்டாம். ஈரப்பூவைக் காகிதத்தின் மேல் விட்டுவைத்தால் கறையும் பூஞ்சையும்தான் மிஞ்சும். பூவையெல்லாம் குப்பையில் போடாமல் அதே மரத்தைச் சுற்றிக் குழி எடுத்துப் புதைத்தோம். மட்டிப்பழமும் அதனோடு போனது.

காகிதம்தான் பெரும் பாடு. நம் மாவட்டம் இரண்டு பருவமழையையும் வாங்கும். கடற்காற்றில் உப்பு வேறு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் என்பார்கள். நமக்கு மழைக்காலத்தில் அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். நனைந்த கடிதங்களை வெயிலில் போட்டு உலர்த்தத்தான் எல்லோருக்கும் கை போகும். கூடாது. தாள் சுருண்டு நிறம் வெளுத்துவிடும். அயர்ன் பாக்ஸ் அதைவிட மோசம். நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல், அச்சடிக்காத வெள்ளைத் தாள்களுக்கு இடையில் வைத்து, ஈரமான தாளை மாற்றி மாற்றி உலர்த்தினோம். பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை பெரும்பாலும் தப்பின. ஜெல் பேனாவும் ஸ்கெட்ச் பேனாவும் கரைந்து ஓடியிருந்தன. வீட்டு பிரிண்டரில் எடுத்த படங்களில் முகமே கலைந்துபோயிருந்தது.

பேருந்து டிக்கெட் போன்ற தாள்களில் மை கிடையாது. சூட்டில் கறுக்கிற பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் அது வெளுத்துக்கொண்டேதான் போகும். அதனால் அதை முதல் நாளே ஸ்கேன் செய்தோம். பின்பக்கத்து நீல மை நிற்கும். முன்பக்கத்தில் ஊர் பெயரும் கட்டணமும் சில வருஷத்தில் காணாமல் போகும்.

"லேமினேட் பண்ணிரலாமே மேடம்" என்று ஒரு பையன் கேட்டான். அக்கறையாகத்தான் கேட்டான். ஆனால் லேமினேஷன் என்பது தாளைச் சூடுபடுத்திப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிடுவது, திரும்பப் பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் அப்படித்தான், சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். குண்டூசி, ஸ்டேப்பிளர் பின், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஒரு மழைக்காலம் போதும், துருவின் அச்சு தாளில் விழுந்துவிடும். ஒரு பாட்டி, பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மாச்சி, "சுவடிக்குப் புல்தைலம் பூசுவாங்களே மக்கா, அதப் பூசுங்க" என்றார். ஓலைச்சுவடிக்கு அது சரிதான், காலங்காலமாகச் செய்து வந்தது. காகிதத்துக்கு எண்ணெய் ஆகாது. பாச்சா உருண்டையையும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அந்த வாடை பெட்டியைத் திறக்கிறவருக்கும் நல்லதில்லை. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மாதம் ஒரு தடவை திறந்து பார்க்க ஓர் ஆள், இவை இரண்டும் இருந்தால் பாதிக் கரையானும் ராமபாணப் பூச்சியும் அடங்கும்.

கரடிப் பொம்மைகளுக்குள் பூச்சி முட்டை இருக்கும். அவற்றை பாலிதீன் கவரில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி பக்கம் இரண்டு வாரம் உறையவைத்தால் முட்டையும் சாகும். மியூசியங்களில் செய்கிற முறை இது. நமக்கு ஏது அப்படி ஒரு குளிர் அறை? ஒரு மாணவியின் சித்தப்பா ஐஸ்கிரீம் ஏஜென்சி வைத்திருக்கிறார். குச்சி ஐஸ் பெட்டிகளை ஒதுக்கி ஒரு ஃப்ரீசரை எங்களுக்கென்று விட்டுக்கொடுத்தார். வாடகை கேட்கவில்லை, "என்னத்துக்கு" என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். ஃபிளெக்ஸ் பேனரை மடித்து வைத்தால் மடிப்பில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்து வரும். அச்சடித்த பக்கம் வெளியே இருக்கும்படி பெரிய குழாயில் சுற்றி வைத்தோம்.

இதெல்லாம் கைவேலை. கற்றுக்கொண்டால் யாருக்கும் வரும். எனக்கு உண்மையில் சொல்லவேண்டியிருப்பது ஒரு சார்ட் தாளைப் பற்றி.

மரத்தின் பின்பக்கம், படங்கள் இல்லாத பக்கத்தில், ஒரு மஞ்சள் சார்ட் ஒட்டியிருந்தது. சிவப்பு மார்க்கரில் பெரிய எழுத்து: "நைட்டுல ஏன் வண்டி எடுத்தீங்க? யாரு ஓகே சொன்னா?" கீழே வேறு வேறு கையெழுத்துகளில் வரிகள் சேர்ந்திருந்தன. டிரைவர் எத்தனை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார் என்று ஒருவர். டூர் காசு மிச்சம் எங்கே என்று ஒருவர். "நாங்க சொன்னோம்ல" என்று மட்டும் ஒருவர். கேள்விகள் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, அது போலீஸும் கோர்ட்டும் பார்க்கவேண்டியது. ஆனால் சுத்தம் செய்ய வந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்த உத்தரவில் எல்லாவற்றுக்கும் முன்னால் எடுக்கச் சொல்லியிருந்தது அந்தச் சார்ட்டைத்தான். பூ இரண்டு நாள் இருந்தாலும் பரவாயில்லையாம்.

அங்கேதான் நான் பிடிவாதம் பிடித்தேன். துக்கத்தில் எழுதப்பட்டது எல்லாம் "உன்னை மறக்க மாட்டோம்" என்றே இருக்க வேண்டுமா? அப்படி இருப்பவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெட்டியில் வைத்தால், இருபது வருஷம் கழித்துத் திறந்து பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? மூன்று பிள்ளைகள் இறந்தார்கள், எல்லோரும் அழுதார்கள் என்று தெரியும். பிள்ளைகள் கோபப்பட்டார்கள் என்பது தெரியாது. கோபமும் அந்த மரத்தடியில்தான் வைக்கப்பட்டது. நிர்வாகத்தின் விசாரணை அறிக்கை எப்படியும் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது இந்த ஒரு தாள்தான்.

இது நம் ஊரில் மட்டும் வருகிற சிக்கல் இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக்கொன்று தானும் செத்தான். இறந்தவர்களுக்காக மாணவர்கள் மைதானத்தில் கல் வைத்தார்கள். ஒரு மாணவி 33ஆவதாகச் சுட்டவனுக்கும் ஒரு கல் வைத்தாள். அதை யாரோ எடுத்துவிட்டார்கள், அது பெரிய விவாதமானது. நிரந்தர நினைவிடத்தில் 32 கல்தான். அது அவர்கள் முடிவு, அதில் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் உலகம் முழுக்க இருந்து வந்து குவிந்த கடிதங்களையும் பொருட்களையும் அந்தப் பல்கலைக்கழக நூலகம் ஆவணமாக எடுத்து வைத்திருக்கிறது.

அதற்கு முன்னால் 1999 நவம்பர் 18 அன்று டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில், கால்பந்துப் போட்டிக்கு முன் மாணவர்கள் மரம் அடுக்கித் தீமூட்டும் வழக்கத்துக்காகக் கட்டிய மரக்குவியல் சரிந்து 12 பேர் செத்தார்கள். விபத்து நடந்த இடத்தின் வேலியோரம் குவிந்த பொருட்களை சில்வியா கிரைடர் என்ற மானுடவியல் பேராசிரியர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு சேகரித்துப் பட்டியலிட்டார். நூலகர்களான நாங்கள் கற்றுக்கொண்டதெல்லாம் இப்படி யாரோ ஒருவர் தம் ஊரில் தலையைக் கொடுத்துச் செய்ததிலிருந்துதான்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. கனெக்டிகட்டின் நியூடவுனில் 2012 டிசம்பரில் ஒரு பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்தச் சின்ன ஊருக்கு வந்து இறங்கிய கரடிப் பொம்மை மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலான பொம்மைகளைத் தேவைப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். வீதியோர நினைவிடங்களில் இருந்த பூக்களையும் பொருட்களையும் எரித்து மண்ணாக்கி, நினைவிடம் கட்டும்போது சேர்ப்பதற்கென்று எடுத்து வைத்தார்கள். அதைப் படித்துத்தான் எங்களுக்குப் பூவைப் புதைக்கிற யோசனை வந்தது.

என் மனதைவிட்டுப் போகாதது தென் கொரியாவின் கதைதான். 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் என்ற கப்பல் மூழ்கி 304 பேர் செத்தார்கள். அதில் 250 பேர் டான்வன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், சுற்றுலா போன பிள்ளைகள். அவர்கள் படித்த வகுப்பறைகளில் மேசை மேல் பூவும் கடிதமும் தின்பண்டமும் வைத்து, பெற்றோர் அந்த அறைகளை அப்படியே வைத்திருந்தார்கள். அப்புறம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும் என்று மற்றப் பெற்றோர் கேட்டார்கள். இரண்டு பக்கமும் பெற்றோர்தான். இரண்டு பக்கமும் நியாயம். கடைசியில் 2016இல் மேசை நாற்காலியெல்லாம் எடுத்து வேறிடத்துக்கு மாற்றினார்கள். 2021இல் அந்த ஊரிலேயே தனிக் கட்டடத்தில் வகுப்பறைகளை மறுபடி அமைத்துத் திறந்தார்கள். ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. நமக்கு மூன்றாம் நாளே மரத்தடி சுத்தமாக வேண்டும்.

நம் பக்கத்தில் நினைவு என்றால் நாள்தான். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் வெந்து போனார்கள். ஒவ்வொரு ஜூலை 16க்கும் பெற்றோர் வந்து படங்களுக்கு முன்னால் விளக்கேற்றுகிறார்கள். அதே வருஷம் டிசம்பர் 26இல் நம் கடற்கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் சுனாமியில் போனது. ஒவ்வொரு டிசம்பரிலும் கல்லறைகளில் மெழுகுவர்த்தி எரியும். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வேறு. நாளை மறக்காத சனம் நாம். பொருளை வைத்துக்கொள்கிற பழக்கம்தான் குறைவு. செத்தவரின் துணிமணியை வீட்டில் வைக்கக்கூடாது என்று சொல்லி வளர்ந்தவர்கள். சுனாமியில் வீட்டோடு ஆல்பமும் போனதால், வேறெங்கோ கிடைத்த ஒரு சின்னப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிற குடும்பங்களுக்குத்தான் ஒரு காகிதத்தின் விலை தெரியும்.

அப்புறம் கல். கல் வைப்பதில் நாம் கெட்டிக்காரர்கள், மயிலாடியில் சொன்னால் வேண்டிய அளவில் வெட்டித் தருவார்கள். அந்தக் கல்லூரியும் ஒரு கருங்கல் பலகைக்குச் சொல்லிவிட்டிருந்தது. நல்லதுதான், பெயர் இருக்கட்டும். ஆனால் கல்லில் என்ன எழுதுவது என்பதைக் காசு கொடுப்பவர்தான் முடிவு செய்கிறார். உதயகிரிக் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள், 1777இல் இறந்த திருவிதாங்கூர்ப் படைத் தளபதி டி லனாயின் கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறது. அவருக்குக் கீழே சண்டை போட்டுச் செத்த சிப்பாய்களுக்கு யார் எழுதினார்கள்? மஞ்சள் சார்ட் எந்தக் கல்லிலும் ஏறாது. அதனால்தான் அதைக் காகிதமாகவே காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

சரி, காப்பாற்றிய பொருள் யாருடையது? நிர்வாகம் சொன்னது: கல்லூரி வளாகத்தில் இருந்தது, ஆகவே கல்லூரியுடையது. மாணவர்கள் சொன்னார்கள்: நாங்கள் வைத்தது. பெற்றோர் ஒன்றும் சொல்லவில்லை, அவர்களை யாரும் கேட்கவில்லை. என் பழைய மாணவியும் நானும் முதலில் மூன்று வீட்டுக்கும் போனோம். ஒரு வீட்டில் எல்லாவற்றையும் கேட்டார்கள், பிள்ளையின் பெயர் எழுதிய எதையும் விடாமல். ஒரு வீட்டில் கண்ணால் பார்க்க மாட்டோம் என்றார்கள். மூன்றாவது வீட்டில் அப்பா லேப் கோட்டை மட்டும் வாங்கி, ஒவ்வொரு கையெழுத்தாக வாசித்துவிட்டு, "இது அங்கேயே இருக்கட்டும். மத்த பிள்ளையளும் ஒப்பு போட்டிருக்கில்லா" என்று திருப்பிக் கொடுத்தார்.

இப்படித்தான் எங்கள் விதிகள் உருவாயின. ஒரு பிள்ளைக்கென்று வைத்த தனிப்பொருளில் குடும்பத்துக்கு முதல் உரிமை, ஸ்கேனோ படமோ நூலகத்தில். மூடி ஒட்டிய கடிதங்களைப் பிரிப்பதில்லை. அவை எழுதியவருக்கும் செத்தவருக்கும் இடையில் உள்ளவை. எழுதியவர் வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், விருப்பப்பட்ட பிள்ளைகளிடம் மட்டும் கேட்டு வாங்கி ஒரு ஹார்டு டிஸ்கில் வைத்தோம். ஆஸ்பத்திரியில் எடுத்த படங்களை வாங்கவே இல்லை, அனுப்பியவர்களிடமும் அழிக்கச் சொன்னோம். ஒவ்வொரு பொருளுக்கும் பென்சிலால் எண் போட்டு, பழைய நூலகப் பதிவேட்டு முறையிலேயே ஒரு நோட்டில் ஏற்றினோம். டிபன் பாக்ஸுக்கு நேரே "உள்ளே முந்திரிக்கொத்து இருந்தது, அகற்றப்பட்டது" என்று எழுதியிருக்கிறது. மஞ்சள் சார்ட்டுக்கு நேரே எழுதியிருப்பது, மரத்தின் பின்பக்கம் ஒட்டியிருந்தது என்பதும் அதில் உள்ள வரிகள் முழுதும்.

சார்ட்டைக் கிழிக்காமல் இருந்ததற்கு நிர்வாகத்துக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். வழக்கு நடக்கும்போது அதைக் காணாமல் போகச் செய்தால் கேள்வி வரும் என்று யாரோ வக்கீல் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். தாள் இருக்கிறது.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு இந்தப் பொருட்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தலாம் என்று நிர்வாகமே முன்வந்தது. ஹால் தருகிறார்கள், கண்ணாடிப் பெட்டி தருகிறார்கள், சார்ட் மட்டும் வேண்டாம். "பாசிட்டிவா இருக்கட்டும் மேடம்" என்றார் ஒருவர். மாணவர்களுக்குள் இரண்டு கட்சி. ஹாலாவது கிடைக்கிறதே என்று சிலர், சார்ட் இல்லாமல் எதுவும் வேண்டாம் என்று சிலர். லேப் கோட்டைத் திருப்பிக் கொடுத்த அப்பாவிடம் கேட்டோம். "நான் கேக்க நினைச்சத அந்தப் பிள்ளைய எழுதிட்டு. அத மறைச்சு வச்சா மத்ததுல என்ன இருக்கு" என்றார். மற்ற இரண்டு வீட்டாரும் அதையே சொன்னதால் மூன்று குடும்பமும் சேர்ந்து கடிதம் கொடுத்தது. கண்காட்சி நடக்கவில்லை.

பெட்டிகள் நூலகத்தின் மாடியில் இருக்கின்றன, தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே இல்லாத மூலையில். இந்த மழைக்காலத்துக்கு சிலிக்கா ஜெல் மாற்றியாகிவிட்டது. கண்காட்சி பற்றி மறுபடி ஒரு கூட்டம் கூட்டப்போகிறார்களாம். இந்தத் தடவை பெற்றோரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். என் பேச்சு அதில் எடுபடுமோ என்னவோ, ஆனால் பதிவேட்டு நோட்டின் நகல் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. எது இருந்தது, எது காணவில்லை என்று இனி யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.